டார்வின் யாரிடம் கடன்பட்டார்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பரிணாமப் பாடத்துக்காக இணையத்தில் ஒரு காணொளி பார்த்தோம். டார்வின் புதிதாக எதுவும் சொல்லவில்லை, அவருடைய தாத்தாவே சொல்லிவிட்டார், 1831இல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இயற்கைத் தேர்வை (சூழலுக்குப் பொருந்துபவை பிழைத்துப் பெருகும் என்பதை) எழுதியே விட்டார், வாலஸின் கடிதம் வந்ததும் டார்வின் அவசரமாகப் புத்தகம் போட்டார் என்கிறார்கள். "அப்போ டார்வின் காப்பி அடிச்சாராப்பா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

காப்பி அடிக்கவில்லை. 1842இலேயே சுருக்கமாக ஒரு வரைவும் 1844இல் விரிவாக ஒரு கட்டுரையும் எழுதி வைத்திருந்தார். அதே முடிவுக்குத் தனியாக வந்துசேர்ந்த இயற்கையியலாளர் வாலஸின் கடிதம் அவர் கைக்கு வந்தது 1858 ஜூனில். அது அவரை அவசரப்படுத்தியது உண்மை.

மற்றபடி காணொளியில் வந்த தகவல்கள் தப்பில்லை. தாத்தா எராஸ்மஸ் டார்வின் 1794இல் வெளியிட்ட 'ஸூனோமியா'வில் வெப்ப ரத்த உயிர்கள் எல்லாம் ஒரே உயிர் இழையிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். பேரனுக்கு அதனால் என்ன கிடைத்தது? இளம் வயதில் வியந்து வாசித்த அந்த நூலைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது ஏமாற்றமாக இருந்தது, ஊகம் நிறைய, தகவல் கொஞ்சம் என்று சுயசரிதையில் எழுதுகிறார். முன்னால் சொன்னவர்களை வரிசையில் நிறுத்தி 'யார் முதல்' என்று தேடுவதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. இங்கே அது அதிக தூரம் போகாது. என் கணக்கில், உயிரினம் மாறவே மாறாது என்று அடித்துச் சொன்னவர்களிடம்தான் டார்வின் அதிகம் கடன்பட்டிருக்கிறார்.

பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்கியலாளர் ஜார்ஜ் கூவியேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1796இல், 26 வயதில், யானைகளைப் பற்றி ஓர் உரை வாசித்தார். முந்தைய ஆண்டு நெதர்லாந்தைப் பிடித்த பிரெஞ்சுப் படை அந்நாட்டு ஆட்சியாளரின் சேகரிப்பையும் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அதில் இரண்டு யானை மண்டையோடுகள். ஒன்று இலங்கையிலிருந்து வந்தது, இன்னொன்று ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து. கூவியே கடைவாய்ப்பற்களைப் பார்த்தார். இலங்கை யானையின் பல்லில், அரைக்கும் பரப்பின் குறுக்கே மெல்லிய பட்டைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. ஆப்பிரிக்க யானையின் பல்லில் அதே பட்டைகள் சாய்சதுரங்களாக இருந்தன. இரண்டும் வெவ்வேறு இனம் என்றார். அப்புறம் சைபீரியாவில் கிடைத்த, மாமூத் என்ற யானை போன்ற மிருகத்தின் எலும்புகளைப் பக்கத்தில் வைத்தார். பல் இலங்கை யானையின் சாயலில் இருந்தாலும் பட்டைகள் இன்னும் மெல்லியவை, நெருக்கமானவை, தாடையும் வேறு. இரண்டு இனத்திலும் அது சேராது. சரி, அப்படியானால் அந்த மிருகம் இப்போது எங்கே?

கடவுள் படைத்த ஓர் இனம் அடியோடு இல்லாமல் போகும் என்பதை அன்று பலரால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன், அத்தகைய மிருகம் மேற்கே ஆள் போகாத இடங்களில் இன்னும் திரியும் என்றே நம்பினார். சிப்பியும் நத்தையும் என்றால் ஆழ்கடலில் இருக்கும் என்று சமாளிக்கலாம். யானை எங்கே போய் ஒளியும்? இனங்கள் அற்றுப்போகும் என்பது அறிவியலில் நிலைபெற்றதற்குப் பெரும் காரணம் கூவியேதான்.

அதே கூவியே, ஓர் இனம் இன்னொன்றாக மாறும் என்ற பேச்சைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொன்ன லாமார்க் வேலை பார்த்ததும் அதே அருங்காட்சியகத்தில்தான். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பின்போது அரிவாள் மூக்கன் பறவையின் மம்மிகள் பாரிசுக்கு வந்தன. கூவியே அவற்றின் எலும்புகளை இன்றைய பறவையோடு ஒப்பிட்டு, இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் ஒன்றும் மாறவில்லை பாருங்கள் என்றார். சில ஆயிரம் ஆண்டெல்லாம் ஒரு காலமா என்பது லாமார்க்கின் பதில். எனக்கு மிகவும் பிடித்த சண்டை இது. மேலோட்டமாகப் பார்த்தால் பறவையைப் பற்றிய சண்டை. உள்ளே இருந்ததோ பூமிக்கு எத்தனை வயது என்ற கேள்வி.

அந்த வயதை டார்வினுக்குக் கொடுத்தவர் நிலவியலாளர் சார்லஸ் லயல். அவருடைய 'நிலவியல் கோட்பாடுகள்' முதல் தொகுதி 1830இல் வந்தது. உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலில் டார்வின் அதை வைத்திருந்தார். மழை, ஆறு, எரிமலை, நிலநடுக்கம் என்று இன்று கண்முன் நடப்பவையே போதும், காலம் மட்டும் நிறையக் கொடுத்தால் மலையே எழும் என்பது அதன் சாரம். 1835 பிப்ரவரியில் சிலியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பிறகு கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் சாந்தா மரியா தீவுக்குப் போனபோது, பாறையில் ஒட்டியபடியே சிப்பிகள் அழுகிக் கிடந்தன, கடல் ஏறும் உச்ச மட்டத்துக்கும் பத்தடி மேலே. தரையே எழும்பியிருந்தது. கடலிலிருந்து பல நூறு அடி உயரத்தில் பழைய சிப்பி ஓடுகள் கிடப்பதை டார்வின் ஏற்கெனவே பார்த்திருந்தார். பத்துப் பத்தடியாக எத்தனை முறை எழும்பினால் அந்த உயரம் வரும் என்று கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. தன் புத்தகங்களில் பாதி லயலின் மூளையிலிருந்து வந்தது போல இருக்கிறது என்று 1844இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்த லயலின் இரண்டாம் தொகுதி 1832இல், மான்டிவிடியோ துறைமுகத்தில் டார்வினுக்கு வந்து சேர்ந்தது. அதில் பல பக்கங்கள் லாமார்க்கை மறுப்பதற்கே செலவாகியிருந்தன. நெருங்கிய நண்பரான பிறகும் டார்வினின் முடிவை மனதார ஏற்க லயலுக்கு ஆண்டுக்கணக்கானது.

காலபாகஸ் தீவுகளின் குருவிகளைப் பார்த்ததுமே ஞானம் பிறந்தது என்ற கதையை மகளிடம் சொல்லாதீர்கள். எந்தக் குருவி எந்தத் தீவு என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. இயற்கைத் தேர்வுக்கான பொறி கிடைத்தது 1838 செப்டம்பர் இறுதியில், லண்டனில், மால்தஸ் பாதிரியாரின் மக்கள்தொகைக் கட்டுரையை வாசித்தபோது. பிறப்பவை அதிகம், உணவு குறைவு, ஆகவே எல்லாம் பிழைக்காது. மால்தஸ் அதை எழுதியது எதற்கு? மனிதகுலம் முன்னேறிக்கொண்டே போகும் என்று நம்பிய காட்வினையும் கோந்தோர்சேவையும் மறுப்பதற்கு. 1798இல் வந்த முதல் பதிப்பில் ஓர் ஆட்டுக்கதை உண்டு. லெஸ்டர்ஷயரில் சிறிய தலையும் சிறிய காலும் உள்ள ஆடுகளைத் தேர்ந்து தேர்ந்து வளர்க்கிறார்கள். எவ்வளவு காலம் வளர்த்தாலும் ஆட்டின் தலை எலியின் தலை அளவுக்குச் சிறுத்துவிடாது, மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு என்கிறார். டார்வின் மால்தஸின் கணக்கை எடுத்துக்கொண்டார், எல்லையை விட்டுவிட்டார்.

மால்தஸ் இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் பேராசிரியர். அவர் அங்கே இருந்த காலத்தில் படித்து, 1821இல் சென்னைக்கு வேலைக்கு வந்தவர் வால்டர் எலியட். பிற்காலத்தில் டார்வினுக்கு இந்தியாவிலிருந்து புறாத் தோல்களைப் பாடம் செய்து அனுப்பியவர் இதே எலியட். 'உயிரினங்களின் தோற்றம்' முதல் அத்தியாயத்திலேயே அவருக்கு நன்றி இருக்கிறது.

என் வாதத்துக்கு ஒத்துவராத ஆள் வாலஸ். 1844இல் ராபர்ட் சேம்பர்ஸ் பெயர் போடாமல் வெளியிட்ட பரிணாம நூல்தான் அவரை இந்தத் தேடலில் இறக்கியது. அறிவியலாளர்கள் கிழித்துப்போட்ட புத்தகம் அது. ஆனால் கடைசிப் படிக்கு அவருக்கும் மால்தஸ்தான் வேண்டியிருந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) காய்ச்சலில் படுத்திருந்தபோது, எப்போதோ வாசித்த மால்தஸ் நினைவுக்கு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

காணொளி சொன்ன ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் மாத்யூ. போர்க்கப்பல் கட்டும் மரங்களைப் பற்றிய நூலின் பின்னிணைப்பில் இயற்கைத் தேர்வுக் கருத்து இருந்தது. 1860இல் ஒரு தோட்டக்கலை இதழில் உரிமை கொண்டாடினார். டார்வின் அதே இதழில் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் மாத்யூ அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. டார்வினோ, தேர்ந்து வளர்த்தால் ஓர் உயிர் எவ்வளவு மாறும் என்று பார்க்கப் புறா வளர்ப்பவர்களின் சங்கங்களில் சேர்ந்தார். வழக்கமாகப் பன்னிரண்டோ பதினான்கோ இருக்கும் வால் சிறகு விசிறிவால் புறாவில் முப்பது, நாற்பது வரை போவதை எண்ணிக்கொண்டிருந்தார்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லலாம். லாமார்க் தப்பு, டார்வின் சரி என்று கோடு போட்டுப் பிரிப்பது சுலபம். பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், அது சந்ததிக்கும் போகும் என்பதை டார்வினும் ஓரளவு நம்பினார். 1868இல் அதற்கு ஒரு விளக்கமும் எழுதினார், அது தவறாகிப்போனது. பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொல்லுங்கள்.