வாசகர் கேள்வி: ஒரு லட்சத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வி: என் அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியே என்னைப் படிக்கவைத்தார். பாளையங்கோட்டையில் பட்டப்படிப்புப் படித்தபோது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. ஓர் ஆண்டு அந்தப் பணம் வருவதற்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் வந்துவிட, பேராசிரியை ஒருவர் தம் கைப்பணத்தைக் கட்டினார். இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். கல்லூரியில் அம்மா பெயரில் பரிசு ஏற்படுத்தலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: ஏற்படுத்தலாம், ஆனால் உங்கள் கடிதமே வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒரு லட்சத்தை வைப்பில் போட்டால், 7 சதவீத வட்டி என்றாலும் ஆண்டுக்கு 7,000 ரூபாய்தான் வரும். பெரும்பாலும் அது ஆண்டு விழா மேடையில் முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் போகும். அதற்குள் கட்ட வேண்டிய கட்டணமெல்லாம் கட்டி முடிந்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 முதல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஆகவே இன்று பல வீடுகளில் உதவியே இல்லை என்பதைவிட, அது வேண்டிய நாளில் கைக்கு வரவில்லை என்பதுதான் குறை.

அந்த இடைவெளியை அடைக்க, உங்கள் தொகையைக் கல்லூரியில் சுழல் நிதியாக வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் என்றால் 50 மாணவியருக்குக் கடைசி நாளுக்கு முன் கட்டிவிடலாம். உதவித்தொகை வந்ததும் முடிந்தவர்கள் திருப்பிக் கட்டட்டும். எழுதி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மேடையேற்றிக் காசோலை கொடுப்பதும் வேண்டாம். ஒரு விழாவில், படம் எடுக்கும்போது துப்பட்டாவால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்ட பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தை வங்கி வழியே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடைக்குச் சலுகை தரும் பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள்கூட 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை கோர முடியாது. ஒரு மாணவியின் கையில் நேரே கொடுப்பதற்கும் சலுகை கிடையாது.

பணத்துக்கு அப்பால், உங்களால் மட்டுமே முடிந்த ஒன்று உண்டு. அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்தால் விண்ணப்பம் எங்கே போய் நிற்கும் என்பது அதில் அலைந்தவருக்குத்தான் தெரியும். கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு வரும்போது, தெருவில் கல்லூரி சேர்ந்திருக்கும் பிள்ளைகளை அரைநாள் உட்காரவைத்து அவர்களுடைய தாள்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். நிதியைப் பற்றி முடிவெடுக்குமுன், அன்று உங்களுக்குக் கட்டணம் கட்டிய பேராசிரியையைப் பாருங்கள். அவர் இன்னும் பணியில் இருந்தால், இந்தப் பருவத்தில் யார் யார் கட்டவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.