யூரிபிடிஸ் பெண்களை வெறுத்தவரா?

அன்புள்ள ஐயா,

பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் 'மெடியா' நாடகம் படித்தேன். கணவனைப் பழிவாங்க, மெடியா தான் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். இவர் பெண்களை வெறுத்தவர் என்று சொல்வது சரிதான் போலிருக்கிறது. அதே காலத்து நாடகாசிரியர் சொஃபோக்ளிஸ் இருக்கும்போது இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவர் உயிரோடு இருந்தபோதே கிளம்பிய பேச்சுதான் அது, அரிஸ்டோஃபனிஸ் அதை வைத்து ஒரு நகைச்சுவை நாடகமே எழுதினார். ஆனால் ஒரு தடவை பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை கேடயத்தோடு போர்க்களத்தில் நிற்பேன் என்று சொல்வதும் அதே மெடியாதான். பெண்களை வெறுக்கிறவர் எழுதக்கூடிய வசனமா இது?

அவரை நான் கொண்டாடுவதற்குக் காரணம் 'டிராய் நாட்டுப் பெண்கள்'. ஏதென்ஸ் மெலோஸ் தீவை முற்றுகையிட்டு, ஊர் பணிந்ததும் ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. சில மாதங்களில், கி.மு. 415 வசந்தத்தில், அதே ஏதென்ஸ்காரர்கள் முன்னால், போரில் தோற்று, யார் எந்தக் கிரேக்கனுக்கு அடிமை என்று தெரியக் காத்திருக்கும் பெண்களை மேடையில் நிறுத்துகிறார். மெலோஸ் என்ற பெயர் நாடகத்தில் இல்லை. பார்த்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

போரில் இறந்த டிராய் இளவரசன் ஹெக்டரின் சின்னப் பையனைக் கோட்டை மேலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். தாயைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயாயிற்று, அதனால் வருகிற வழியில் ஸ்கமாண்டர் ஆற்றில் பிள்ளையின் காயங்களைக் கழுவி எடுத்துவருவது கிரேக்கர்களின் தூதன் டால்தீபியஸ், குழி தோண்டப் போவதும் அவன்தான். கொன்ற பக்கத்து ஆள் ஒருவனுக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுக்க யூரிபிடிஸுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். ஹெக்டரின் கேடயத்தில் வைத்துத்தான் புதைக்க வேண்டும். பாட்டி ஹெக்குபா அந்தக் கேடயத்தோடு பேசுகிறாள்: பிடியில் மகனின் கை பதிந்த தடம், விளிம்பில் அவன் நெற்றியிலிருந்து வடிந்த வியர்வை. அப்புறம் கேட்கிறாள், இவன் கல்லறையில் ஒரு கவிஞன் என்ன எழுதுவான், இந்தக் குழந்தையைக் கிரேக்கர்கள் பயந்துபோய்க் கொன்றார்கள் என்றா? கேட்டுக்கொண்டிருந்த அரங்கம் முழுக்கக் கிரேக்கர்கள்! அந்த வருஷம் அவருக்கு இரண்டாம் பரிசு, அதற்கு முன் 'மெடியா'வுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

சொஃபோக்ளிஸை நான் குறைத்துச் சொல்லவில்லை, 'ஈடிபஸ்' மாதிரிக் கட்டுக்கோப்பு யூரிபிடிஸுக்கு வராது, பல நாடகங்களில் கடைசியில் ஒரு தெய்வத்தை இறக்கித்தான் கதையை முடிக்கிறார். ஆனால் தன் ஊர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது தோற்றவர்களின் வீட்டுப் பாட்டியை இவ்வளவு நேரம் பேச விட்டவர் அவர். அதைப் படித்துவிட்டு மெடியாவுக்குத் திரும்பிப் போங்கள், பிள்ளைகளின் கையைத் தொட்டு அவள் தடுமாறும் இடத்தை நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.