பொம்மைகளா, பாடகர்களா? வாசகர் கேள்வி–பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் கே-பாப் என்ற தென்கொரியப் பாப் இசை பற்றியவை மட்டும் இந்த வாரம்.

கே: வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கே-பாப்பை மட்டம் தட்டுகின்றன என்று என் மகள் ஓயாமல் புலம்புகிறாள். வெறும் ரசிகைக் கோபம்தானே இது? – ஒரு தந்தை, காவேரிப்பட்டினம்

ப: கோபம் இருக்கலாம், ஆதாரமும் இருக்கிறது. 2019 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் நிகழ்ச்சி ஒன்று பிடிஎஸ் என்ற தென்கொரிய ஆண் பாடகர் குழுவை வடகொரியா, அணுகுண்டு என்று இழுத்துக் கேலி செய்தது. 2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் பேயர்ன் 3 வானொலித் தொகுப்பாளர் அதே குழுவைக் கொரோனா கிருமியோடு ஒப்பிட்டார். அடுத்த மாதம் அட்லாண்டாவில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பிடிஎஸ் பையன்கள் அடிபட்டு வீங்கிக் கிடப்பதுபோல் கார்ட்டூன் அட்டை வெளியிடப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கிக்கொண்டது. மூன்று தரப்பும் வருத்தம் தெரிவித்தன. இவையெல்லாம் பகிரங்கமானவை, பிடிப்பது சுலபம். நாசூக்கான கட்டுரைகளில் ஒளிந்திருப்பதைத்தான் உங்கள் மகள் சொல்கிறாள் என்று நினைக்கிறோம். அதற்குத்தான் கீழே உள்ள பதில்கள்.

கே: ‘தொழிற்சாலை’, ‘ரோபோக்கள்’ என்று எழுதுவதில் என்ன தப்பு? வருஷக்கணக்கில் பூட்டிவைத்துப் பயிற்சி தருவது உண்மைதானே? – பென்னாகரம் வாசகர்

ப: பயிற்சி உண்மை, கசக்கிப் பிழிந்ததும் உண்மை. 2009-ல் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே வருடம்தான் கொரிய நியாய வணிக ஆணையத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் 7 வருடம் என்ற வரம்பு வந்தது. இதை விரிவாக எழுதும் நிருபரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தை நடத்திய பெரி கோர்டி, ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அசெம்பிளி லைன் முறையைப் பார்த்துத்தான் தன் பாட்டுக் கம்பெனியை வடிவமைத்ததாக அவரே சொன்னார். நடை, உட்காரும் விதம், பேச்சு எல்லாம் கற்றுக்கொடுக்க மேக்ஸின் பவல் என்ற ஆசிரியை அங்கே இருந்தார். அது ‘பொற்காலம்’ ஆகிறது, சியோலில் நடந்தால் ‘ரோபோ’. ஒப்பந்தத்தைக் கண்டிப்பது விமர்சனம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிள்ளையை உணர்ச்சியில்லாத இயந்திரம் என்பது வேறு சங்கதி.

கே: ஆம்பளப் பசங்க லிப்ஸ்டிக் போட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள்? – ஊத்தங்கரை

ப: விடிய விடிய அரிதாரத்தோடு திரௌபதி வேஷம் கட்டும் ஆண் கலைஞர்கள் உங்கள் பக்கத்துக் கூத்து மேடையிலேயே இருக்கிறார்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பாட்டு விமர்சனத்தில் அதை மதிப்பெண்ணாகக் குறைக்கக் கூடாது.

கே: பெண் குழந்தைகள் இந்தக் குழுக்கள் மேல் வைத்திருக்கும் பைத்தியத்தைப் பற்றி எழுதினால் அது எப்படிப் பெண் வெறுப்பு ஆகும்? – ஓர் ஆசிரியை, அரூர்

ப: உங்கள் கேள்வியிலேயே ‘பைத்தியம்’ வந்துவிட்டது, டீச்சர். இது பழைய வழக்கம். 1844-ல் பாரிஸில் பியானோ மேதை லிஸ்ட்டின் கச்சேரிக்குக் கூடிய கூட்டத்தின் ஆரவாரத்தை ஹைனே என்ற கவிஞர் ஒரு நோயாகவே வர்ணித்தார். பெண்களின் நோய்களில் தேர்ந்த மருத்துவரிடம் விளக்கம் கேட்டதாகவும் எழுதினார். 1964-ல் லண்டனின் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் வந்த ஒரு கட்டுரை, பீட்டில்ஸ் ரசிகைகள் அந்தத் தலைமுறையின் மந்தமான, உருப்படாத கூட்டம் என்றது. பின்னால் பீட்டில்ஸ் மேதைகள் ஆனார்கள். முதலில் கண்டுகொண்ட பெண்பிள்ளைகளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

2020 ஜூனில் பிடிஎஸ் குழுவும் அதன் நிறுவனமும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் என்ற கறுப்பின உரிமை இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினார்கள். இவர்களுக்கு அரசியலும் தெரியுமா என்ற வியப்புதான் பல செய்திகளில் முந்திக்கொண்டு வந்தது. நம் ஊரும் இதில் சளைத்ததல்ல. முதல் காட்சிக்கு கட்-அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றும் இளைஞன் ‘தீவிர ரசிகர்’. அறையில் ஒரு போஸ்டர் ஒட்டிய பெண்ணுக்குக் கவுன்சிலிங். வீட்டில் சொல்லாமல் கொரியாவுக்குக் கிளம்பிய பள்ளிச் சிறுமிகள் 2024 ஜனவரியில் காட்பாடியில் மீட்கப்பட்டதைப் பற்றிய செய்திகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். கவலை நியாயம், கிண்டல் எதற்கு?

கே: பெண் குழுக்களைப் பற்றி எழுதும்போது மட்டும் வேறு கணக்கா? – ஓசூர் வாசகி

ப: ஆமாம், அதுவும் இரண்டு விதத்தில்.

ஒன்று, வரலாற்றில் அவர்களைத் தாண்டிக் குதித்துவிடுவது. அமெரிக்காவில் கே-பாப் கதையை 2012-ல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடிய சை என்பவரில் தொடங்கி நேரே பிடிஎஸ்ஸுக்கு வருவார்கள். பில்போர்டு இதழ் வெளியிடும் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலில் நுழைந்த கொரியக் குழு வொண்டர் கேர்ள்ஸ், வருடம் 2009, இடம் 76. பெண்கள்.

இரண்டு, எழுதியவர் பெயரை விட்டுவிடுவது. ஐ-டில் குழுவின் சோயோன் 2018-ல் அறிமுகப் பாட்டிலிருந்தே எழுத்திலும் இசையமைப்பிலும் இருக்கிறார். பாடகி ஐயூ தன் பாடல் வரிகளைப் பெரும்பாலும் தானே எழுதுகிறார். கட்டுரையில் உடை, உடல்வாகு, தோல் நிறம் ஆகியவற்றுக்கு மூன்று பத்தி போய், பாட்டு யாருடையது என்பதற்கு ஒரு வரிகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். சரிபார்க்க ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, கிரெடிட்ஸ் பகுதியைத் திறந்தால் போதும். சிடி வைத்திருந்தால் உள்ளே இருக்கும் புத்தகம் இன்னும் நம்பகமானது.

கே: கொரியாவிலேயே பெண்களை நடத்தும் லட்சணம் மோசம் என்கிறார்கள். பிறகு மேற்கைக் குற்றம் சொல்வானேன்? – கல்லூரி மாணவி, தருமபுரி

ப: மோசம்தான், மறைக்க வேண்டாம். 2018-ல் ரெட் வெல்வெட் குழுவின் ஐரீன் ஒரு பெண்ணிய நாவலைப் படித்தேன் என்று சொன்னதற்காகச் சில ஆண் ரசிகர்கள் அவர் படத்தைக் கொளுத்தினார்கள். 2020-ல் பிளாக்பிங்க் என்ற பெண் குழுவின் வீடியோவில் ஜென்னி போட்ட நர்ஸ் உடை கவர்ச்சிப் பொருளாக இருந்தது. அதை எதிர்த்தது கொரிய மருத்துவ ஊழியர் சங்கம். நிறுவனம் அந்தக் காட்சியை வெட்டியது.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘கே-பாப்பின் இருண்ட பக்கம்’ என்ற வகைக் கட்டுரையில் கொரியப் பெண் பாவப்பட்டவளாக மட்டும் வருவாள். எதிர்த்தவள், எழுதியவள், வழக்குப் போட்டவள் வரமாட்டாள். 2019-ல் பாடகிகள் சுல்லியும் கூ ஹாராவும் அடுத்தடுத்து இறந்தபோது அப்படித்தான் எழுதப்பட்டது. சுல்லி இறந்த பிறகு டாவும் (Daum) என்ற கொரிய இணையதளமும், 2020 மார்ச்சில் நேவர் (Naver) தளமும் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்துப் பெட்டியையே மூடின. ஒரு நாடு தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்த முயற்சி அது. உங்கள் கையில் உள்ள கட்டுரையில் இருக்கிறதா என்று பாருங்கள். பர்னிங் சன் என்ற சியோல் கேளிக்கை விடுதியைச் சுற்றிய பாலியல் குற்ற வழக்கை வெளியே கொண்டுவந்ததில் கொரியப் பெண் நிருபர்களின் பங்கு பெரியது. காவல்துறைத் தொடர்பைத் துலக்க ஹாரா தனக்கு உதவியதை அவர்களில் ஒருவர் 2024-ல் பிபிசி ஆவணப்படத்தில் சொன்னார். மேற்கத்திய ஊடகமும் மனம் வைத்தால் இப்படிச் செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

கே: இதையே இதழியல் புராஜெக்டாகச் செய்யப் போகிறேன். எப்படித் தொடங்குவது? – பர்கூர்

ப: முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘மேற்கத்திய ஊடகத்தில் பாரபட்சம்’ என்று எடுத்தால் மூழ்கிவிடுவீர்கள். இரண்டு நாளிதழ், ஓர் இசை இதழ், ஒரே ஆல்பம், வெளியான நாளுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம். இது போதும். 30 கட்டுரை சேர்ந்தால் நிறுத்துங்கள்.

ஒப்பிட ஓர் ஆங்கிலப் பாடகர் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 40 வயது ராக் பாடகரை எடுத்தால் வித்தியாசம் வயதாலா, இனத்தாலா என்று தெரியாது. அதே வயது, அதே வகைப் பாட்டு, அதே மாதம் வெளியான ஆல்பம் என்று தேடுங்கள். ஆண் குழுவுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

ஒரு எக்செல் தாளில் கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள்: தலைப்பு, இசையைப் பற்றி எத்தனை வாக்கியம், தோற்றத்தைப் பற்றி எத்தனை, எழுதியவர் பெயர் உண்டா, யார் வாயால் செய்தி வருகிறது (கலைஞர், நிறுவனம், ரசிகர், பேராசிரியர்), ரசிகர்களுக்கு என்ன அடைமொழி. இயந்திரம், கூட்டம், வெறி, படையெடுப்பு போன்ற சொற்களுக்குத் தனி நெடுவரிசை. பிடிஎஸ் ரசிகர்கள் தங்களையே ஆர்மி என்று அழைப்பதால் ‘படை’யை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் கணக்கே வீங்கிவிடும்.

இரண்டு பேர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், முதல் 10 கட்டுரைக்கு எண்ணுங்கள். பத்துக்கு எட்டாவது ஒத்துப்போகவில்லையென்றால் தப்பு உங்கள் விதிகளில். ‘தோற்றம்’ என்றால் நடனமும் அடங்குமா என்று எழுதிவைக்காததுதான் வழக்கமான காரணம். விதியைத் திருத்தி முதலிலிருந்து தொடங்குங்கள்.

ராய்ட்டர்ஸ், ஏபி போன்ற செய்தி நிறுவனங்களின் ஒரே செய்தி பத்து தளத்தில் வந்தாலும் ஒன்றாகவே எண்ண வேண்டும். தலைப்பை நிருபர் வைப்பதில்லை, அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க் வைக்கும். அதனால் தலைப்பையும் உள்ளே இருக்கும் செய்தியையும் கலக்காதீர்கள். கோபமூட்டிய கட்டுரையை மட்டும் பொறுக்கினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

கே: ரசிகர்கள் ஆல்பங்களை மொத்தமாக வாங்கித்தானே பட்டியலில் முதலிடம் பிடிக்கிறார்கள்? – ராயக்கோட்டை

ப: வாங்குகிறார்கள். டி-ஷர்ட்டோடும் கச்சேரி டிக்கெட்டோடும் ஆல்பத்தைச் சேர்த்து விற்று எண்ணிக்கையை ஏற்றியது அமெரிக்க நட்சத்திரங்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட பில்போர்டு 2020-ல்தான் விதி கொண்டுவந்தது. 2021-ல் அதே இதழ் பிடிஎஸ்ஸிடம் முறைகேடு பற்றிக் கேட்டது. கேட்டது சரி. எல்லோரிடமும் கேட்டால் இன்னும் சரி.

கே: எம்டிவி 2019-ல் கே-பாப்புக்குத் தனி விருதே வைத்ததே, அது மரியாதைதானே? – பாலக்கோடு

ப: அதே வருடம் ஆண்டின் சிறந்த வீடியோ பட்டியலில் பிடிஎஸ் இல்லை. தனி இலை போட்டு ஓரமாக உட்காரவைப்பதில் என்ன மரியாதை?

கே: தப்பாக எழுதிய பத்திரிகைக்கு எப்படிப் புகார் அனுப்புவது? – ஓசூர் ரசிகர் குழு

ப: தலைப்பு, தேதி, தவறான வாக்கியம், சரியான தகவல், அதற்கான ஆதாரம், இவ்வளவையும் 150 சொல்லுக்குள் முடியுங்கள். பெரிய இதழ்களில் திருத்தம் கேட்கத் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு, பக்கத்தின் அடியில் இருக்கும். பெயர் தவறு, ஆள் மாறிய புகைப்படம், விடுபட்ட கிரெடிட் போன்றவை சீக்கிரம் திருத்தப்படும். ‘தொனி சரியில்லை’ என்பதைத் திருத்த மாட்டார்கள். அதை ஆசிரியருக்குக் கடிதமாக அனுப்புங்கள். ஒரே வாசகத்தை 500 பேர் ஒட்டி அனுப்பினால் ஸ்பாமுக்குப் போய்விடும். நிருபர் பெண்ணாக இருந்தால் அவர் இன்ஸ்டாகிராமில் போய் உருவத்தைப் பழிக்கும் ரசிகர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள். அவர்களை முதலில் நீக்கிவிட்டு அப்புறம் கடிதத்தை அனுப்புங்கள்.