ரூட் கெனால் ஊசிகள் கடைவாய்ப்பல்லைச் சுரண்டி உடைய வைத்துவிடுமா?

சுரண்டத்தான் செய்யும். சுரண்டாமல் கிருமி பிடித்த வேர்க்குழாயைச் சுத்தம் செய்ய முடியாது. நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், ரூட் கெனால் முடித்துவிட்டு கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாமல் நாள் கடத்துகிறீர்கள், நடுவில் யாரோ பயமுறுத்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

நான் பல் மருத்துவர். "கேப் விற்கத்தான் இவ்வளவு பேச்சு" என்று கீழே ஒருவர் எழுதுவார். எழுதட்டும்.

நீங்கள் ஊசி என்பதை நாங்கள் ஃபைல் என்போம். 25ஆம் எண் ஃபைலின் முனை 0.25 மி.மீ. மேலே போகப்போகப் பருக்கும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.04 மி.மீ. பருப்பது 4 சதவீத ரகம்; அது முனையிலிருந்து 10 மி.மீ. மேலே 0.65 மி.மீ. இருக்கும், 6 சதவீத ரகம் அதே இடத்தில் 0.85. அற்ப வித்தியாசம்தான். ஆனால் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் முன்வேரில், இரண்டு வேர்களும் பிரியும் பக்கத்துச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அங்கே தடித்த ட்ரில்லைப் போட்டு அழுத்தினால் பக்கவாட்டில் ஓட்டை விழும். ஆக, ஊசிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் பெரும்பங்கு சொத்தைக்குத்தான். 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களை அழுத்திச் சோதித்தார்கள். ரூட் கெனால் வேலையால் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. முன்னும் பின்னும் ஓரங்கள் போகும்படி குழி எடுத்ததில் 63 சதவீதம் போய்விட்டது. கடைவாய்ப்பல்லுக்கும் அதே எண் என்று சொல்ல வரவில்லை, சக மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

என்னிடம் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். இரண்டு ஓரமும் சொத்தை தின்ற பல். ரூட் கெனால் முடிந்ததும், "வலிதான் போயிடுச்சேம்மா, கேப் எதுக்கு?" என்று கிளம்பிவிட்டார். தீபாவளி முறுக்கு வேலையைக் காட்டியது. உடைந்த துண்டை விபூதி மாதிரி காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார். நாக்குப் பக்கத்து முகடு முழுசாக வந்திருந்தது. முறிவு பழைய சொத்தைக் குழியின் ஓரத்தில் தொடங்கி ஈறுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. ஃபைல் போன குழாய்கள் அப்படியே இருந்தன. கூட வந்த மகன் எக்ஸ்ரேயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க ஊசியை விட்டுக் குடைஞ்சதுலதான் உடைஞ்சது. நாங்க ஒரு பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வர்றோம்" என்றார்.

பெரிய டாக்டராம்! நாலு வருஷம் படித்து, ஒரு வருஷம் பயிற்சி முடித்தும், கல்யாண வீட்டுப் பந்தியில் "பல் டாக்டரா? எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் குறையவில்லை. இவர்களே ராத்திரி பதினோரு மணிக்குப் பல்வலி என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள்.

சரி, உங்கள் விஷயம். எந்த ஓரம் மிச்சம் இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டுமே போயிருந்தால் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு எதுவும் வேண்டாம்.