ஒருக்கா நட்டா பல வருசம் பலன் தர்ற பயிர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எனக்குத் தெரிஞ்சது புது ரகம் உருவாக்குற வேலை, அதுலயும் பல்லாண்டுப் பயிருக. மானியம், மார்க்கெட் வெல, உரக்கணக்கு இதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க.

மேலூர் பங்காளி: அண்ணே, சீனாவுல ஒருக்கா நட்டா நாலு வருசம் அறுக்குற நெல்லு வந்துருச்சாம்ல, நெசமா? நம்ம வயலுக்கு ஆகுமா?

நெசந்தான். யுன்னான் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சது. தாய்லாந்து ரகம் ஆர்டி23ய, ஆப்பிரிக்காவுல கெடக்குற லாஞ்சிஸ்டமினேட்டாங்கிற காட்டு நெல்லோட சேத்தாங்க. அந்தக் காட்டு நெல்லுக்கு மண்ணுக்குள்ள கெழங்கு மாதிரி தண்டு ஓடும், அறுத்தாலும் அதுல இருந்து தழையும். ரெண்டையும் சேத்தா கரு தங்காது, அதனால கருவ மட்டும் எடுத்து லேப்ல வளத்து காப்பாத்துனாங்க, அதுக்கப்பறம் இருவது வருசத்துக்கு மேல தேர்வு பண்ணி 2018ல பிஆர்23ன்னு வெளியிட்டாங்க. நாலு வருசத்துல எட்டு அறுப்பு, ஒவ்வொரு அறுப்புக்கும் சராசரி எக்டருக்கு 6.8 டன், வருசாவருசம் நடுற நெல்லுக்கு கொறையல. மறுதழைவு போகத்துல ஆள் வேலை 58 சதவீதம் மிச்சம்னு 2022ல கட்டுரையும் போட்டாங்க.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். பெரியாறு பாசனத்துல பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், உங்க மேலூர் ஒருபோகம். பெரியாறு தண்ணி நின்னதுக்கப்பறம் பங்குனி சித்திரையில உங்க வயல் வெடிச்சு கெடக்கும், அறுத்த நெல்லுக் கட்ட எப்படிண்ணே உயிரோட இருக்கும்? கெணறு வெச்சு கோட பூராம் ஈரம் காக்கணும்னா மிச்சமான நடவுக்கூலி மோட்டாருக்குப் போயிரும். அதோட வருசம் பூராம் பச்சையா நிக்கிற நெல்லு குருத்துப்பூச்சிக்கும் ஆனைக்கொம்பனுக்கும் தங்குற சத்திரம். இந்த சத்திரம் விசயத்த இன்னும் ரெண்டு மூணு எடத்துல சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

வாடிப்பட்டி நெல்: அந்த சீனா நெல்லு விதை எங்க வாங்கலாம்?

எங்கயும் வாங்காதீங்க. வீடியோவுல விக்கிறவன் குடுக்குறது அது இல்ல.

செக்கானூரணி மாட்டுக்காரன்: கோ-5 புல்லுக்கு விதை கேட்டா எல்லாரும் சிரிக்கிறாய்ங்க, ஏன்?

விதையே கெடையாது தம்பி, அதான். கோ-5ங்கிறது கம்பையும் நேப்பியர் புல்லையும் சேத்து எடுத்த தீவனப் புல்லு. கம்புக்கு குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28, ரெண்டுக்கும் பொறந்ததுக்கு 21. ஒத்தப்படையா இருக்குறதால ஜோடி சேராது, மணி புடிக்காது. கரணை வெட்டித்தான் நடணும், பக்கத்துத் தோட்டத்துல கேட்டா சும்மாவே குடுப்பாக. மொத அறுப்பு 75, 80 நாள்ல, அப்பறம் 45 நாளைக்கு ஒருக்கா. பல்லாண்டுப் பயிருன்னா சீனாவத்தான் பாக்கணும்னு இல்ல, உங்க மாட்டுக் கொட்டம் பக்கத்துல நிக்கிறதே அப்படி உருவாக்குனதுதான். விதையாத்தான் வேணும்னா கோ எஃப்எஸ் 29 சோளம் இருக்கு, சூடான் புல்லோட சேத்து 2001ல வந்தது, அறுக்க அறுக்க தழையும். ஆனா எளம் சோளத்த மாட்டுக்குப் போட்றாதீங்க, விசம். பூ வந்ததுக்கப்பறம் அறுங்க.

டி.கல்லுப்பட்டி கரிசல்: துவரைய அறுத்து விட்டா தழையுதுண்ணே. ரெண்டாம் வருசமும் அப்படியே விட்றலாமா?

துவரை கொணத்துல மூணு நாலு வருசம் நிக்கக்கூடிய செடிதான், நம்மதான் ஒரு வருசத்துல உழுதுர்றோம். கேள்வி நல்ல கேள்வி. ஆனா மலட்டுத் தேமல்னு ஒண்ணு இருக்கு. எலை சிறுத்து வெளுத்து திட்டுத்திட்டா ஆயி, பூவே வைக்காம பொதரா நிக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்தான் பரப்புறது, அது அடுத்த வெதப்பு வரைக்கும் உக்காந்துருக்குறது இப்படி அறுத்து தழையவிட்ட மறுதாம்புத் துவரையிலயும் வரப்புல விட்ட செடியிலயும்தான். நீங்க விட்டா பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேத்து வரும்.

இது புதுசா நான் கண்டுபுடிச்சது இல்ல. மெட்ராஸ் மாகாணத்துல 1919லயே பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் போட்டு, பருத்திய இந்த தேதிக்குள்ள புடுங்குன்னு வெவசாயிகளுக்கு உத்தரவே போட்டாங்க. நடுவுல நெலம் சும்மா கெடக்குறதே ஒரு மருந்து. பல்லாண்டுப் பயிருல அந்த மருந்து கெடையாது, அதனால ரகம் தேடும்போது நோய் தாங்குதான்னு மொதல்ல பாக்கணும், மகசூல் அப்பறம்.

அலங்காநல்லூர் அக்கா: எங்க வீட்டு புளிய மரம் அம்புட்டு நல்லா காய்க்கும், கொட்டைய போட்டு நாத்து விடவா?

வேணாம்க்கா. கொட்டையில வர்றது தாய் மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது, காய்க்கவும் எட்டு பத்து வருசம் ஆகும். அந்த மரத்துல இருந்தே ஒட்டு கட்டச் சொல்லுங்க. பெரியகுளத்துல விட்ட பிகேஎம்-1 புளி கூட எண்டபுளி ஊரு மரத்துல இருந்து தேர்ந்தெடுத்ததுதான்.

மாட்டுத்தாவணி பூக்கடை: மதுர மல்லியில புது ரகம்?

மல்லி விதை கட்டுறது அபூர்வம், கலப்பு போட்டு ரகம் எடுக்குறது ரொம்ப கஷ்டம். காலங்காலமா தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து வர்ற பதியன்தான்.

கொட்டாம்பட்டி: சீனா நெல்லு விதை...

மேல படிங்க.

திருமங்கலம் சொட்டுநீர்: மானியம் எப்படி...

தோட்டக்கலை ஆபீஸ்.

உசிலம்பட்டி வேல்: எல்லாம் சரிண்ணே, எங்க பக்கத்து வலையபட்டி முருங்கைய மறந்துட்டீங்களே. தாத்தா கெளைய வெட்டி நட்ட போத்து இன்னும் மரமா நிக்குது. விதையில வர்ற பிகேஎம் செடி முருங்கை வந்து நல்ல மரத்த கெடுத்துருச்சு.

ஒட்டன்சத்திரம் தோட்டம்: மரம் நிக்கும், காசு நிக்குமா? எனக்கு பிகேஎம் ஆறு மாசத்துல காய் வந்துச்சு.

உசிலம்பட்டி வேல்: ரெண்டு வருசத்துல செத்தும் போச்சுல்ல?

இருங்கய்யா ரெண்டு பேரும். பிகேஎம்-1 எதையும் கெடுக்கல, எப்போதும்வென்றான் ஊரு முருங்கையில இருந்து தேர்ந்தெடுத்த ரகம். செடி முருங்கைன்னு பேரே தவிர, காய்ப்பு முடிஞ்சதும் மூணடி விட்டு வெட்டுனா நாலஞ்சு மாசத்துல திரும்ப காய்க்கும், சில வருசம் அப்படி ஓட்டலாம். கெடுத்தது எதுன்னா சொந்தத் தோட்டத்து விதையவே திரும்பத் திரும்ப போடுறது. முருங்கைக்கு வண்டு தேனீ எல்லாம் வரும், அக்கம்பக்கத்து மகரந்தமும் கலந்துரும், நாலு தலமொற கழிச்சு அதுக்கு பிகேஎம்னு பேரு வைக்கிறதுல அர்த்தம் இல்ல.

உசிலம்பட்டி வேல்: அப்ப ஆராய்ச்சிக்காரங்க ஏன் போத்து மரத்த வெச்சு ரகம் எடுக்கல?

இதத்தான் கேக்கணும். திட்டத்துக்கு பணம் மூணு வருசத்துக்குத்தான் வரும், மரம் பத்து வருசத்துல என்ன காய்க்கும்னு பாக்க யாருக்கு பொறும? அதனால சீக்கிரம் காய்க்கிறதத்தான் தேர்வு பண்ணுவாங்க. சீக்கிரம் காய்க்கிறது வேற, ஆயுசு பூராம் காய்க்கிறது வேற, ரெண்டும் ஒரே மரத்துல இருக்கணும்னு அவசியம் இல்ல. அந்த எடத்துல நீங்கதான் வேல், ஏன்னா மரம் உங்க கண்ணு முன்னாடி நிக்குது. ஊருக்குள்ள நல்லா காய்க்கிற மரங்களுக்கு குறி போடுங்க, ரெண்டு வருசம் காய எண்ணி எழுதுங்க, பட்டம் இல்லாத மாசத்துல காய்ச்சதையும் எழுதுங்க. ஆனா மாட்டுக்கொட்டம் பக்கத்து மரத்த பாத்து ஏமாறாதீங்க, அது சாணியால காய்க்குதா கொணத்தால காய்க்குதான்னு நின்ன எடத்துல தெரியாது. நாலஞ்சு மரத்துல இருந்து நாலடி போத்து எடுத்து ஒரே நெலத்துல நட்டாத்தான் தெரியும். ஒண்ணே ஒண்ண மட்டும் பெருக்காதீங்க, ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிரும், சத்திரம் ஞாபகம் இருக்குல்ல. நல்லது தேறுச்சுன்னா 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல உழவர் ரகம்னு பதிவு பண்ணலாம், மரப்பயிருக்கு 18 வருசம் உரிமை.

ஒட்டன்சத்திரம் தோட்டம்: என் பிகேஎம்மையும் பக்கத்துல வைக்கிறேன், பாத்துருவோம்.

வைங்க. புது பாக்கெட் விதையில விட்ட நாத்தா இருக்கட்டும், உங்க தோட்டத்து விதை வேணாம். போத்து ஒரு பக்கம் நாத்து ஒரு பக்கம்னு பிரிக்காம வரிசைக்குள்ள கலந்து நடுங்க, இல்லாட்டி மேட்டுமண்ணு பள்ளமண்ணுன்னு திரும்ப இங்க வந்து சண்ட போடுவீங்க. மொத வருசம் பிகேஎம் ஜெயிக்கும், அது எனக்கே தெரியும், அத எழுதி வெச்சுட்டு ரெண்டாவது கோடையில ரெண்டுக்கும் தண்ணிய பாதியா கொறைங்க.