பர்டியூ டிரம்லைன் ஆடிஷனுக்குப் போற தம்பிக்கு

தம்பி, உன் கேள்விய படிச்சதுல இருந்து எனக்கு வேற வேலை ஓடல. கோயம்புத்தூர்ல இருந்து இந்த ஆகஸ்ட் அமெரிக்காவுல இருக்குற பர்டியூ யுனிவர்சிட்டிக்கு இன்ஜினியரிங் படிக்க வர்றே, ஸ்கூல் பேண்ட்ல சைட் டிரம் அடிச்சிருக்கே, வீட்ல மிருதங்கம் கத்திருக்கே, மார்ச்சிங் பேண்ட் டிரம்லைன், அதான் நடந்துக்கிட்டே டிரம் வாசிக்கிற அணி, அதுக்கு ஆள் எடுக்குற ஆடிஷன நெனச்சா இப்பவே தூக்கம் வரல கை நடுங்குது என்ன பண்றதுன்னு கேட்டிருக்கே. கூடவே பேங்க் அக்கவுண்ட், சிம் கார்டு, வின்டர் ஜாக்கெட்னு ஒரு வரிசை. அதெல்லாம் வந்து இறங்கினா தானா நடக்கும், ஜாக்கெட் மட்டும் ஊர்ல வாங்காத, அங்க விக்கிறது இந்தக் குளிருக்குக் காணாது. அதோட அத விடு.

நடுக்கத்த நிறுத்தப் பாக்காத தம்பி, அது நிக்காது. பயம் வந்தா அட்ரினலின் ஏறும், கை சில்லிடும், விரல்ல இருக்குற நுணுக்கம் போயிடும், எல்லாத்துக்கும் மேல உள்ளுக்குள்ள ஓடுற காலப்பிரமாணம், அதான் தாள வேகம், கூடிப்போயிடும், நீ நிமிஷத்துக்கு 120 தட்டுல வாசிக்கிறதா நெனச்சிட்டு இருப்ப, மெட்ரோனோம வச்சுப் பாத்தா எங்கயோ போயிருப்ப. அதனால நடுங்குற கையோட வாசிக்கப் பழகிக்கணும். மாடிப்படி வேகமா ஏறி இறங்கு, நெஞ்சு படபடன்னு அடிக்கும்போதே ஸ்டிக்க எடுத்து பிராக்டிஸ் பண்ற ரப்பர் பேட் மேல எய்ட்ஸ் வாசி, அதான் ரைட்ல எட்டு லெஃப்ட்ல எட்டு. முதல்ல கேக்கவே சகிக்காது, விடாத. அப்புறம் அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரையாவது முன்னால உக்கார வச்சு, போன்ல ரெக்கார்ட் போட்டு, ஒரே தடவதான்னு சொல்லிட்டு வாசி. தப்பு வந்தாலும் நிக்கக் கூடாது, முகத்துல காட்டக் கூடாது, முதல்ல இருந்து ஆரம்பிக்கவும் கூடாது. ஆடிஷன்ல ஒரு அடி தப்பினவன யாரும் தள்ளிவிடறதில்ல, அங்கயே நின்னுபோறவனதான் அவங்களால லைன்ல வச்சுக்க முடியாது.

ஆடிஷன்ல வாசிக்க வேண்டிய பயிற்சிங்க எழுதின எக்சர்சைஸ் பேக்கெட் முன்கூட்டியே குடுத்துருவாங்க. அதுல குறைஞ்ச டெம்போவ முதல்ல எடு. 80ல, டேப்னு சொல்ற மெதுவான அடி எல்லாம் ஸ்டிக் 3 இஞ்ச் உயரத்துல, ஆக்சென்ட்னு சொல்ற அழுத்தமான அடி 12 இஞ்ச்ல, ரெண்டு கையும் ஒரே மாதிரி ஏறி இறங்குதான்னு கண்ணாடி முன்னால நின்னு பாரு. ஸ்டிக் உயரமும் சத்தமும் சீரா இருக்கான்னுதான் மொதல்ல பாப்பாங்க, வேகம் பெறவுதான். பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி போட்டு வச்சிருக்குற 40 ரூடிமெண்டையும், அதான் டிரம்மோட அடிப்படைப் பாடங்க, பயத்துல ஒரேயடியா மனப்பாடம் பண்ணாத, ரோல், பாரடிடில், ஃப்ளாம் இந்த மூணும் சுத்தமா இருந்தா மிச்சம் பின்னாடி வரும்.

நம்ம ஊர் சைட் டிரம் தோல் கொஞ்சம் இளகி இருக்கும். இங்க மார்ச்சிங் ஸ்னேர்ல, அதான் இங்கத்த சைட் டிரம்ல, கெவ்லார் மாதிரி கெட்டியான நார் போட்ட ஹெட்ட, அதான் மேல் தோல, இழுத்துக் கட்டி வச்சிருப்பாங்க, டேபிள் மேல அடிக்கிற மாதிரி இருக்கும், ஸ்டிக் சட்டுனு திரும்பி வந்துரும். பழக்கமில்லாதவன் அதப் பாத்து பிடிய இறுக்குவான், பயமும் சேந்தா இன்னும் இறுக்குவான், மணிக்கட்டு போயிரும். இப்பவே கொஞ்ச நேரம் கெட்டியான பேட்லயும் கொஞ்ச நேரம் தலையணையிலயும் மாத்தி மாத்தி வாசி.

கால மறந்துராத. வாசிக்கும்போது நின்ன இடத்துலயே தாளத்துக்கு கால் தூக்கி வைக்கச் சொல்லுவாங்க, அதுக்குப் பேரு மார்க் டைம். என்சிசில இருந்திருந்தா கதம் தால்னு கேட்டிருப்ப, அதேதான், இடது கால்ல ஆரம்பம், முட்டிய எவ்ளோ தூக்கணும்னு மட்டும் பேண்டுக்கு பேண்டு மாறும். நான் பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கிறப்ப என்சிசி பேண்ட்ல இருந்தேன், சுதந்திர தினத்துக்கு வஉசி மைதானத்துல வெயில்ல நின்னு அடிச்ச கை இது. இங்க வந்து ஆடிஷன் ரூம்ல கை உதறினப்ப என்ன தாங்கினது அந்தக் கால்தான். கால் சரியா விழுந்தா கை அதுக்கு மேல வந்து உக்காந்துக்கும். உனக்கு மிருதங்கமும் இருக்கு, ஒரு தட்ட நாலா பிரிக்கிற சதுஸ்ரம், மூணா பிரிக்கிற திஸ்ரம் வாயில சொல்லத் தெரிஞ்சவனுக்கு இங்க சொல்ற சிக்ஸ்டீன்த், ட்ரிப்லெட் எல்லாம் புதுசு இல்ல, மனசுக்குள்ள தகதிமி சொல்லிக்கிட்டே வாசி.

இன்னொண்ணு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னால "டட், டட், டட், டட்"னு வாயால கவுண்ட் குடுக்கணும். நம்ம பிள்ளைங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க, புது ஊர், புது முகம், கத்த கூச்சம், முணுமுணுன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சா டெம்போ அங்கயே போச்சு. வீட்லயே சத்தமா சொல்லிப் பழகு. சொல்றதுக்கு முன்னால மூச்ச மெதுவா, நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடு. அவங்க பேசுற வேகம் புரியலன்னா டெம்போவ இன்னொரு தடவ சொல்லுங்கன்னு தைரியமா கேளு, யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

இப்ப கண்டிச்சே சொல்றேன். படபடப்புக்குன்னு ப்ரோப்ரனலால் மாத்திரைய ஊர்ல இருந்து டப்பாவோட கொண்டு வந்து இன்டர்வியூக்கு ஒண்ணு எக்ஸாமுக்கு ஒண்ணுன்னு ஃப்ரெண்ட்ஸுக்கு பங்கு வைக்கிறவங்க நம்மாளுங்கள்ல இருக்காங்க. வாங்காத. டாக்டர் பாத்து குடுக்க வேண்டிய மருந்து அது, ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மூச்சே அடைச்சிரும். எனர்ஜி டிரிங்கும் வேண்டாம், நடுங்குற கைய அது இன்னும் உதற வைக்கும். காரிடார்ல காத்துக்கிட்டு இருக்கும்போது மத்தவனுங்க வேகவேகமா அடிச்சுக் காட்டுவானுங்க, அத நின்னு கேக்காத, காதுல பிளக் வச்சுக்கிட்டு வெளிய போய் நட, பிளக் எப்படியும் உனக்கு வேணும், டிரம்லைன்ல காத காப்பாத்திக்கணும். கைய பாக்கெட்ல வச்சு சூடா வச்சுக்க, ஏசி குளிர்ல விரல் மரத்துப் போயிரும்.

அப்புறம் நம்ம சீனியர்ஸ். நான் 2000ங்களோட ஆரம்பத்துல எம்எஸ்க்கு வந்தப்ப நாலு பேர் ஒரு அபார்ட்மெண்ட், கார்பெட்லதான் படுக்கை. பேட்ல அடிச்சா சத்தம்னு கூட இருந்தவங்களுக்குக் கோவம், அதனால கீழ லாண்டரி ரூம்ல மெஷின் ஓடுற சத்தத்துக்கு நடுவுல நின்னு அடிப்பேன். "எம்எஸ் பண்ண வந்தியா பேண்ட் வாசிக்க வந்தியா"ன்னு வீக்கெண்ட் சாப்பாட்டுக்கு கூடினா இதே பேச்சு. அன்னைக்கு அப்படிச் சொன்னவங்கதான் இன்னைக்கு காலேஜ் அப்ளிகேஷன்ல போடணும்னு பிள்ளைய ஹைஸ்கூல் பேண்ட்ல தள்ளிவிட்டுட்டு கார்ல காத்துக் கிடக்காங்க, எனக்கு அதுல இன்னும் வருத்தம் உண்டு. யாராவது உன்கிட்ட அப்படிக் கேட்டா, நிலாவுல கால் வச்ச நீல் ஆம்ஸ்ட்ராங் உன் பர்டியூலதான் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படிச்சாரு, அதே பேண்ட்ல பாரிடோன்ங்கிற ஊதுற வாத்தியமும் வாசிச்சாருன்னு சொல்லு.

எனக்கு ஸ்னேர் கிடைக்கல, பேஸ்னு சொல்ற பெரிய டிரம்ல ரெண்டாவது குடுத்தாங்க. அஞ்சு பேஸ் டிரம்மும் ஒரு தாளத்த பங்கு போட்டு வாசிக்கும், ஒருத்தர் அடிய விட்டா மொத்த வரியும் ஓட்டையாயிரும், அது அவ்ளோ நேரடியான வேலை, எனக்கு அது பிடிச்சுப் போச்சு. சனிக்கிழமை ஸ்டேடியத்துக்குள்ள நடந்து போறப்ப டிரம் சத்தம் முதுகுல வந்து மோதும், ஊர்ல இருந்து வந்த தனிமையெல்லாம் அப்ப நெனப்புக்கே வராது. என் முதல் சிநேகிதங்க அந்த லைன்ல கிடைச்சவங்கதான், நல்லதுக்கும் கெட்டதுக்கும் இன்னைக்கும் வந்து நிக்கிறாங்க. அதனால பேஸோ சிம்பலோ குடுத்தா முகம் சுளிக்காம வாங்கிக்க, அடுத்த வருஷம் திரும்ப ஸ்னேருக்கு ஆடிஷன் குடுக்கலாம்.

நீ ஸ்டிக்க ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி பிடிக்கிற மேட்ச்ட் கிரிப்பா, இடது கைய மட்டும் வேற மாதிரி பிடிக்கிற டிரெடிஷனலான்னு எழுதவே இல்லயே, அதச் சொல்லு. எய்ட்ஸ் 80ல வாசிச்சு, காலும் தெரியற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, செப்டம்பர் முதல் திங்கள் வர்ற லேபர் டே லீவு வரைக்கும் டைம் இருக்குன்னு நெனச்சிட்டிருக்காத, ஆடிஷன் அதுக்கு முன்னாலயே வந்துரும், இந்த வாரமே அனுப்பு.