மேட்டுப்பாளையம் விடுதியில் விடுங்கள், அம்மா

போன சனிக்கிழமை கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண். உட்கார்ந்ததுமே அந்த அம்மா கேட்டார்: "ஹாஸ்டல்ல புள்ள இருந்துக்குவாளாங்க?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. இருந்துக்குவாள், பயப்படாதீர்கள் என்றேன். அப்புறம் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். சென்னைச் சித்தப்பா பார்த்துக் கொடுத்த தனியார் பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், ஏசி அறைக்கும் சாப்பாட்டுக்கும் 1.75 லட்சம். கட்டணம் ஏறாமல் இருந்தாலே நான்கு வருடத்தில் 21 லட்சம். நிலத்தை விற்கப்போகிறார்களாம்.

வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். ஏன் என்று இப்போது விவரமாக எழுதுகிறேன்.

அம்மா, விடுதிக் கஷ்டம் எங்கே போனாலும் ஒன்றுதான். முதல் மாதம் ராத்திரியில் அழுகை வரும். காலையில் குளியலறை வாசலில் வாளியோடு நிற்கவேண்டும். மூன்றாம் வாரமே மெஸ் சாம்பார் வெறுத்துவிடும். காய்ச்சல் வந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். அறைத்தோழிதான் மெஸ்ஸில் கெஞ்சி ரசம் சோறு வாங்கி வருவாள். அந்தத் தோழி கல்யாணம், காட்சி என்று கடைசிவரை கூட வருவாள். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் எதுவும் மாறாது. ராகிங் பயம் இருந்தால், தமிழ்நாட்டில் அதற்கென்று 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. புகார் எண் 1800-180-5522. பெண்ணின் போனில் பதிந்து கொடுங்கள்.

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "எல்லாரும் இதைத் தூங்குமூஞ்சி மரம்னு சொல்வாங்க சார். ஆனா இது வாகை. காயைப் பாருங்க, தட்டையா, வெளுத்து, காத்துல சலசலங்குது. தூங்குமூஞ்சி காய் கறுப்பா, தடிப்பா, பிசுபிசுன்னு இருக்கும்." வீட்டில் தயிர் டப்பாக்களில் புங்கன், வேம்பு, இலுப்பைக் கன்று வைத்திருக்கிறாளாம். இந்தப் பிள்ளையையா கோடிங் படிக்க அனுப்புகிறீர்கள்?

மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. நீலகிரி அடிவாரம். நான்கு வருட பி.எஸ்சி வனவியல். நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். வகுப்பு, நாற்றங்கால், விடுதி எல்லாம் ஒரே வளாகம். விதை சேகரிப்பது, நேர்த்தி செய்வது, கன்று வளர்ப்பது, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி மரத்தை அளந்து எவ்வளவு கட்டை தேறும் என்று கணக்கிடுவது, சவுக்கும் மலைவேம்பும் போடும் விவசாயிக்கு யோசனை சொல்வது என்று படிப்பே கையும் காலுமாக நடக்கும். சிரமமும் உண்டு. யானை நடமாடும் பக்கம் என்பதால் இருட்டியபின் இஷ்டத்துக்கு வெளியே சுற்ற முடியாது. மலைக்குப் போனால் அட்டை கடிக்கும்.

வேலை? இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், ஆனால் அது லேசில்லை. டிஎன்பிஎஸ்சி வனத்துறைத் தேர்வுகள், வங்கிகளில் வேளாண் அலுவலர் பணி, காகித ஆலைகளின் மரப்பண்ணைத் திட்டங்கள் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தனியார் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது.

பணத்துக்கு வருகிறேன். இவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். ஒதுக்கீட்டில் கிடைக்காவிட்டாலும் அரசுக் கட்டணம்தான், நிலத்தை விற்கத் தேவையில்லை. அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் சித்தப்பா முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் அதை எழுத்தில் திரும்பக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி.

சேர்த்துவிட்டால் முதல் ஆறு வாரம் ஞாயிறுதோறும் தூக்குப்போசியோடு போய் நிற்காதீர்கள். போனில் அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள், "கிளம்பி வந்துடு" என்று மட்டும் சொல்லவேண்டாம். சித்தப்பா கோபப்பட்டால் என் எண்ணைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.